வெற்று எடை

லங்காப் மில்லில் எடைமேடை என் பொறுப்பு.
செம்பனைக் குலைகளோடு லோரி ஏறும்: ஓர் எண்.
கொட்டிவிட்டு வெறுமனே ஏறும்: இன்னோர் எண்.
கழித்து வருவதுதான் பழம்.
லோரியின் கனத்தைப் பழக்கணக்கில் எழுதினால்
மறுநாள் எனக்கு வேலை இல்லை.

ஞாயிறு மட்டும்
ஆ ஹோக் டயர் கடையின் மேல்மாடியில்
மிக்ஸர் முன்னால் உட்காருவேன்.
அடிக்குரலுக்கு ஒரு குமிழ், உச்சத்துக்கு ஒன்று,
எதிரொலிக்கு ஒன்று.
கழித்துப் பார்க்க ஒன்றும் இல்லை அதில்.

எட்டு மணிக்குப் போதகர் பாக்கியசீலன்.
கரண்டு பில் வாசிப்பதுபோல் வசனம் வாசிப்பார்.
ஆழமானவர் என்பார்கள்,
உதட்டோடு ஒட்டிய ஒலிவாங்கியில்
அவர் விடும் பெருமூச்சையும் சேர்த்து.
மெல்லப் பேசுகிறவருக்குத்தான்
நான் கூடுதலாகத் திறந்துவிட வேண்டியிருக்கிறது.
திறந்தால் மின்விசிறி வரும்,
கீழே நட்டுக் கழற்றும் காற்றுத் துப்பாக்கி வரும்,
யாரோ மிட்டாய்க் காகிதம் பிரிப்பதும் வரும்.

பத்து மணிக்கு பிரதர் யோவேல்.
ஏறியதும் விரலைச் சுழற்றுவார்: எதிரொலி இன்னும்.
ஒரு அல்லேலூயா நாலாகத் திரும்பி வரும்.
மிக்ஸரில் சிவப்பு விளக்கு அணையவே அணையாது.
பின்வரிசை எமரன்சியா காதுக்குப் பஞ்சு கொண்டுவருவாள்;
முதல் ஆளாக அழுவதும் அவள்தான்.
ஒருநாள் அவர் குரலைப் பாதியாகக் குறைத்துவிட்டேன்.
யாரும் கண்டுபிடிக்கவில்லை.
அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தது
புடைத்த கழுத்து நரம்பை.

மார்ச்சில் ஃப்ளோரியானுஸ் செத்துப்போனான்.
ஃப்ளோரஸ் தீவுக்காரன். உயரமான பனைகளில் குலை வெட்டுகிறவன்.
நீளக்கழியின் அரிவாள் மின்கம்பியில் பட்டுவிட்டது.
எங்கள் சபை ஆள் இல்லை;
கிறிஸ்துமஸுக்கு மட்டும் கடைசி நாற்காலி.
அடக்கத்துக்கு வருவாரா என்று போதகரைக் கேட்டோம்.
பார்க்கலாம் என்றார். அதே மென்குரல்.
அந்தச் சொல்லுக்குள் ஆள் யாரும் இல்லை.

யோவேல் வந்தார். மழை. ஒலிவாங்கி இல்லை.
அவருடைய மலாய் சந்தைக்குத்தான் காணும்.
குழியருகே வாயைத் திறந்தார், மூடினார்.
ஃப்ளோரியானுஸ் என்றார்.
கொஞ்சம் பொறுத்து, மறுபடியும்
ஃப்ளோரியானுஸ்.
பிறகு யாரிடமோ சாங்கோலை வாங்கி
வெள்ளைச் சட்டையோடு மண் தள்ள ஆரம்பித்தார்.
தவளைகள்தான் பெரிதாகக் கேட்டன.

இதோடு நின்றிருந்தால் எனக்கும் சுலபம்.

அடுத்த ஞாயிறு அந்தக் குழியையே
நாற்பது நிமிடம் பிரசங்கித்தார்.
மழை புயலாகிவிட்டது.
சாங்கோல் அவர் கையில் மோசேயின் கோலாகிவிட்டது.
செத்தவன் பெயர் ஒரே ஒரு முறை வந்தது,
அதுவும் தப்பாக.
விரலைச் சுழற்றினார்.
கொடுத்தேன். அதுதானே என் வேலை.

போதகர், பிறகு, ஓர் உறை கொடுத்தனுப்பினார்
ஃப்ளோரியானுஸின் மனைவிக்கு, பெயர் எழுதாமல்.
கொண்டுபோனது நான்தான். கனமாக இருந்தது.
ஒரு வெள்ளித் தாள்களும் கனமாகத்தான் இருக்கும்.
பிரிக்கவில்லை.

தூக்கம் வராத ஓர் இரவில்
இரண்டு பேரையும் மேடையில் ஏற்றிப் பார்த்தேன்.
எண்கள் துடித்தன, துடித்துக்கொண்டே இருந்தன.
என்னை ஏற்றவில்லை.
குழியருகே நான் செய்தது
என் தலைக்குக் குடை பிடித்தது மட்டும்.

திங்கட்கிழமை, முதல் லோரி.
தனபாலன் குலைகளோடு ஏறி நிற்கிறான்.
கண்ணாடியைத் தட்டுகிறேன், தினமும் தட்டுவதுதான்:
என்ஜினை நிறுத்து.
மெல்லத்தானே ஓடுது அக்கா, என்கிறான்.
மெல்ல ஓடினாலும் எண் ஆடும்.
நிறுத்து.